பேருந்து நிலையச் சுவரில் மாணவிகள் வரைந்த ஓவியங்கள்: நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நகரப் பேருந்து நிலையத்தின் நிர்வாகப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும்,

அரையாண்டு விடுமுறையில் பள்ளி மூடியிருந்த நாள்களில், பேருந்து நிலையத்தின் மேற்குச் சுவரில் மாணவிகள் வரைந்திருந்த ஓவியம் முழுவதையும் வெள்ளையடித்து மறைத்து, அதன்மேல் விளம்பரப் பலகைகளுக்கான இரும்புச் சட்டங்களைப் பொருத்தியிருக்கிறீர்கள். நேரக் காப்பாளர் அறையை ஒட்டிய வடக்குச் சுவரில் மிஞ்சியிருக்கும் ஓவியத்தின் மீதும் இப்போது சாக்பீஸால் கோடு கிழித்து, துளையிட வேண்டிய இடங்களில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். அந்தக் குறிகளில் ஒன்று, ஓவியத்தில் தலைச்சுமையுடன் நிற்கும் ஒரு பெண்ணின் நெற்றியில் விழுந்திருக்கிறது. முதல் சுவர் போனது எங்களுக்குத் தெரியாமல் நடந்தது. இரண்டாவது சுவர் எங்கள் கண்ணெதிரே போக விடக் கூடாது என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பணி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை. தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழு கேட்டுக்கொண்டதால், இந்த ஓவியப் பணியில் தொடக்கம் முதல் மாணவிகளுடன் இருந்தவள். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இப்படி வெளிப்படையாக எழுத நடத்தை விதிகள் இடம் தரா என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். வரைந்தவர்கள் பதினெட்டு வயது நிரம்பாத பெண்பிள்ளைகள். அவர்கள் யார் யார் என்பது ஊரெல்லாம் பேசும் செய்தியாக வேண்டியதில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பதைப் படிக்கும்போதே நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.

அனுமதி பெறாமல் வரையப்பட்ட ஓவியம் இது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பள்ளி முறைப்படி விண்ணப்பித்தது. உங்கள் அலுவலகம் எழுத்து மூலம் அனுமதி தந்தது. கட்சித் தலைவர்களின் உருவமோ மதச் சின்னமோ இருக்கக் கூடாது, வழித்தடப் பலகைகளை மறைக்கக் கூடாது, மாதிரி வரைபடங்களை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற வேண்டும், செலவைப் பள்ளித் தரப்பே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அந்த ஆணையில் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் மீறவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் திரட்டியது. பெயின்ட் கடைக்காரர் ஒருவர் அசல் விலைக்குப் பொருள் கொடுத்தார். சாரம் கட்டும் கழிகளை மாணவி ஒருத்தியின் மாமா வாடகையில்லாமல் தந்தார். இவ்வளவு நிபந்தனைகளை எழுதத் தெரிந்த அந்த ஆணையில், வரைந்து முடித்த ஓவியத்தை யார் பராமரிப்பது, எத்தனை ஆண்டு காப்பது, அகற்ற நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்றைய சிக்கல் முழுவதும் அந்த இல்லாத வரியிலிருந்து வந்ததுதான்.

ஓவியத்துக்கு முன் மேற்குச் சுவர் எப்படி இருந்தது என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை. தனியார் கடன், டியூஷன், மூல நோய் சிகிச்சை, கண்ணீர் அஞ்சலி என்று சுவரொட்டிமேல் சுவரொட்டி ஒட்டி, அது ஒரு விரற்கடைத் தடிமனுக்கு ஏறியிருந்தது. பாக்கு எச்சில் தெறித்த அடிப்பகுதியையும், மூலையில் நின்று சிறுநீர் கழிப்பவர்களையும் தாண்டித்தான் மாணவிகள் தினமும் காலையில் டவுன் பஸ் ஏறினார்கள். பொது இடங்களை உருச்சிதைப்பதைத் தடுக்க இந்த மாநிலத்தில் 1959ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி அந்தச் சுவரொட்டிகளுக்காக யாரும் தண்டிக்கப்பட்டதாக இந்த ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. ஓவியம் வந்த பிறகு சுவரொட்டி ஒட்டுவது ஏறக்குறைய நின்றே போனது. அங்கே கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அம்மா, "படம் இருக்கிற பக்கம் யாரும் துப்புறதில்லைங்க, டீச்சர்" என்று சொன்னார். உங்கள் பணியாளரே சொன்ன சான்று என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

என்ன வரைவது என்ற பேச்சே பல வாரங்கள் நடந்தது. காலண்டர் படம் பார்த்து மயிலும் நீர்வீழ்ச்சியும் வரைந்துவிட்டு வந்துவிடலாம் என்று முதலில் சிலர் நினைத்தார்கள். அதை நான் ஏற்கவில்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திற்கு மாணவிகளை அழைத்துச் சென்று நடுகற்களின் முன்னால் உட்கார வைத்தோம். ஆநிரை மீட்கப் போய் அம்பு தைத்து விழுந்தவனுக்கு ஊர் நட்ட கல், அதில் மன்னனின் ஆட்சியாண்டையும் மாண்டவனின் பெயரையும் சொல்லும் வட்டெழுத்து, வீரனின் கையில் வில், இடையில் குறுவாள் என ஒவ்வொன்றையும் பென்சிலில் எடுத்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடியில் பாறை மீது வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரை வீரர்களின் படங்களையும் பார்த்தார்கள். செங்காவிப் பின்னணியில் வெள்ளை உருவங்கள் என்ற முடிவு அங்கிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லிலும் பாறையிலும் வரைந்துவைத்த மண் இது என்பதை என் பாடத்தைவிட அந்தப் பயணமே நன்றாகக் கற்றுக்கொடுத்தது.

மேற்குச் சுவரில் நடுகல் வீரனில் தொடங்கி, ஒகேனக்கல் பரிசல், களத்தில் கேழ்வரகு அடிக்கும் பெண்கள், புளி உலுக்கும் ஆள் என்று வரிசையாக நகர்ந்து, கடைசியில் இந்தப் பேருந்து நிலையமே வந்தது. வடக்குச் சுவரில் விடியற்காலைப் பெங்களூர் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுடைய பாய்ச்சுருள், அரிசி மூட்டை, பிளாஸ்டிக் குடம், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தை. இந்தக் காட்சியை வரைந்த மாணவிகளில் பாதிப்பேர், பெற்றோரை அந்தப் பேருந்தில் ஏற்றிவிட்டுப் பாட்டி வீட்டில் தங்கிப் படிப்பவர்கள். அவர்கள் எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

அந்த வேலை நடந்த விதத்தை நீங்கள் யாரும் வந்து பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாதிரிப் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் நூல் அடித்துப் பெரிதாக்கி வரைந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருத்தி பொறுப்பு. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கேழ்வரகுக் கதிரைக் கட்டியிருந்த விதம் தப்பு என்று பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் தன் முந்தானையைச் சுருட்டி, முடிச்சு எப்படி விழ வேண்டும் என்று காட்டினார். அந்தப் பகுதியை அன்றைக்கே அழித்து மீண்டும் வரைந்தார்கள். நடத்துநர் ஒருவர் பேருந்தின் எண் பலகையைப் பார்த்துவிட்டு, "டி.என். 29 சரிம்மா, அதுக்கப்புறம் 'என்' போடணும், கவர்மென்ட் வண்டிக்கு அதான்" என்றார். 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் கட்டணமில்லாமல் போகும் டவுன் பஸ்ஸின் முன் கண்ணாடியில் அதைச் சொல்லும் வாசகம் எந்த இடத்தில் இருக்கும் என்பதற்கு ஓட்டுநர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. வண்டி கிளம்பும் நேரம் தாண்டியும் அது முடியவில்லை. அந்தச் சுவர் அப்படித்தான் ஊராருடைய சுவரானது.

வெள்ளையடித்த செய்தி தெரிந்ததும் மேலாண்மைக் குழுத் தலைவியான ஒரு மாணவியின் தாயும் நானும் அலுவலகத்திற்கு வந்தோம். விளம்பர உரிமை ஏலம் போய்விட்டது, ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்ததாரரின் ஆள், சுவரைச் சுத்தமாக்கித் தரச் சொன்னது அலுவலகம்தான் என்றார். மீண்டும் அலுவலகத்துக்குப் போனபோது ஒருவர் உண்மையிலேயே கனிவான குரலில், "பிள்ளைங்க வரைஞ்சதுதானேம்மா, வேற சுவரு காட்டுறோம், மறுபடி வரைஞ்சுக்கட்டும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் இந்த மடலே அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானதுதான். பிள்ளைகள் வரைந்தது என்பதால் அது குறைந்த பொருள் ஆகிவிடாது. பள்ளிப் பிள்ளைகளின் கலைத்திறனுக்காக 2022ஆம் ஆண்டிலிருந்து கலைத் திருவிழா நடத்தி, கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுத்து மேடையேற்றுவதும் இதே அரசாங்கம்தான். மேடையில் பட்டம் பெறும் வயது அவர்களுக்கு இருக்கிறது. தங்கள் ஓவியம் அழிக்கப்படப் போகிறது என்ற செய்தியைக் கேட்கும் தகுதி மட்டும் இல்லை என்றால் அதை எப்படி ஒப்புக்கொள்வது?

ஓவியம் மங்கி, உரிந்துபோய் அசிங்கமாக இருந்தது என்பது பிறகு சொல்லப்பட்ட காரணம். உரிந்தது உண்மை, ஏன் உரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டணக் கழிப்பிடத்தின் கழிவுநீர்க் குழாய் மேற்குச் சுவரின் பின்பக்கமாகப் போகிறது. அதன் இணைப்பு விட்டுப்போய், சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, ஓவியத்தின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்துவிட்டது. இதைக் குறிப்பிட்டுப் பள்ளி எழுதிய கடிதத்தின் நகலில் உங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது. குழாயைச் சரிசெய்து சுவரைக் காயவிட்டால், கொப்பளித்த இடத்தைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நாங்களே மீண்டும் தீட்டித் தருகிறோம் என்றும் அதில் எழுதியிருந்தோம். மேல்பகுதி எக்ஸ்டீரியர் எமல்ஷனில் தீட்டியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குழாய் இன்றும் ஒழுகுகிறது. நீங்கள் அடித்த வெள்ளையும் இப்போது அதே உயரத்தில் கொப்பளிக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் விளம்பரக்காரர் வந்து உங்களிடம் முறையிடும்போது, இதை நாங்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

சுவர் எங்களுடையது, அதில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது எங்கள் விருப்பம் என்று நீங்கள் சொல்லலாம். சுவர் உங்களுடையதுதான். ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 57ஆம் பிரிவு, படைப்பை விற்றுவிட்ட பிறகும் படைத்தவருக்கு மிஞ்சும் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. படைத்தவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று. தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை இன்னொன்று. இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருந்துவிடவில்லை. டில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல், அரசின் அழைப்பின்பேரில் 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்றை 1962இல் முடித்துக் கொடுத்தார். 1979இல் கட்டடப் புதுப்பிப்பின்போது அவருக்குச் சொல்லாமலே அது பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. எஞ்சிய பாகங்களைச் சிற்பியிடம் திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வழக்குப் போடப் போவதாக மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. பெரிய சிற்பிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கும் அந்தச் சட்டப் பிரிவு ஒன்றுதான். வயதையோ பெயரையோ பார்த்து அது உரிமை தரவில்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

போக்குவரத்து நிலையத்தில் மாணவர்களின் ஓவியம் என்பது நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை என்ற பேச்சும் காதில் விழுந்தது. நம் மாவட்டத்துக்காரர்கள் பிழைக்கப் போகும் பெங்களூரிலேயே அதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. பீன்யா மெட்ரோ நிலையத்தில், அந்தத் தடம் 2014இல் திறக்கப்பட்ட காலத்திலேயே, சிருஷ்டி கலை வடிவமைப்புக் கல்லூரி மாணவர்கள் மெட்ரோ நிறுவனத்துடன் சேர்ந்து நிலையத்தின் சுவர்களிலும் தூண்களிலும் வேலை செய்தார்கள். பிறகு அந்தத் திட்டம் கப்பன் பூங்கா நிலையத்துக்கும் போனது. பீன்யாவில் பட்டறை வேலை பார்க்கும் ஒரு மாணவியின் அப்பாதான் இதை எங்களிடம் முதலில் சொன்னார். "அங்க பசங்க வரையறாங்க, அதிகாரிங்க கூட நின்னு பேசுறாங்க, நம்ம ஊர்லயும் செய்யலாமே" என்றார். பீகாரின் மதுபனி ரயில் நிலையத்தில் 2017இல் உள்ளூர்க் கலைஞர்கள் சுவர் முழுக்க மிதிலை ஓவியங்களைத் தீட்டினார்கள்; மறு ஆண்டு ரயில்வே அமைச்சகம் நடத்திய நிலைய அழகுபடுத்தும் போட்டியில் மதுபனியும் நம் மதுரைச் சந்திப்பும் இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டன. நிர்வாகம் கூட நின்றால் நடக்கும் வேலை இது, அவ்வளவுதான்.

வருவாய் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. கழிப்பிடத்தைக் கழுவவும் விளக்கு எரியவும் பணம் வேண்டும். ஆனால் விளம்பரத்துக்கு இடமில்லாமல் போய்விட்டதா என்று நிலையத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். நடைமேடைத் தூண்கள் எல்லாம் வெறுமையாக நிற்கின்றன. கடைகளுக்கு மேலே நீளமான கைப்பிடிச் சுவர் சும்மா கிடக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் இடம் இருக்கிறது. அவற்றில்தான் வண்டியில் வருகிறவனின் கண் முதலில் படும். அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஓவியம் இருக்கும் இரண்டு சுவர்களையே தேடிப் பிடித்து ஏலத்தில் சேர்த்ததற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் இருக்க முடியும். மாணவிகளின் ஓவியத்தால் மக்கள் நின்று பார்க்கப் பழகிய இடங்கள் அவை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களையே வெளியேற்றிவிட்டு அதை விற்பது முறையல்ல.

ஆகவே நான் கேட்பவை இவை.

வடக்குச் சுவரில் துளையிடும் வேலையை இன்றே நிறுத்த வேண்டும். நிறுத்தியதை வாய்ச்சொல்லாக இல்லாமல், பள்ளிக்குக் கடிதமாகத் தெரிவிக்க வேண்டும். சாக்பீஸ் குறிகளை உலர்ந்த துணியால் நாங்களே துடைத்துக்கொள்கிறோம். தயவுசெய்து யாரையும் தண்ணீரும் தின்னரும் கொண்டு அனுப்பாதீர்கள்.

அந்தச் சுவரின் மீதான விளம்பர உரிமையை ஒப்பந்தத்திலிருந்து நீக்கி, அதே அளவு இடத்தைத் தூண்களிலோ கைப்பிடிச் சுவரிலோ ஒப்பந்ததாரருக்கு மாற்றிக் கொடுங்கள். எந்தெந்தச் சுவர்கள் ஏலத்தில் சேர்க்கப்பட்டன, அந்த முடிவு எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கான ஆவணங்களின் நகல் எங்களுக்கு வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டு வாங்க எனக்குத் தெரியும். விண்ணப்பம் போட வைக்காமல் நீங்களே தந்தால் நல்லது.

கழிவுநீர்க் குழாயை மழைக்கு முன் சரிசெய்யுங்கள். இதை ஓவியத்துக்காக மட்டும் கேட்கவில்லை; அந்தச் சுவரை ஒட்டித்தான் பூக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேற்குச் சுவரில் போனது போனதுதான். வெள்ளைக்கு அடியிலிருந்து அதை மீட்டெடுக்க முடியாது என்பது ஓவியம் தெரிந்த எனக்குத் தெரியும். எங்களிடம் நல்ல புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றை அச்சிட்டு, எந்தப் பள்ளி மாணவிகள் எந்த ஆண்டில் வரைந்தார்கள் என்ற குறிப்புடன், நேரக் காப்பாளர் அறைக்கு வெளியே நிரந்தரமாக மாட்ட இடமும் செலவும் தாருங்கள். விளம்பர ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அந்தச் சுவரை மீண்டும் பள்ளிக்கு ஒதுக்குவதாக இப்போதே தீர்மானம் போடுங்கள்.

இனிமேல் பேருந்து நிலையத்திலோ, நகரின் வேறெந்தப் பொதுச் சுவரிலோ மாணவர்கள் வரைய அனுமதி தரும்போது, ஓவியம் எத்தனை ஆண்டு இருக்கும், பராமரிப்பு யார் பொறுப்பு, அகற்ற நேர்ந்தால் குறைந்தது 30 நாள்களுக்கு முன் பள்ளிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது ஆகிய மூன்றும் அனுமதி ஆணையிலேயே இருக்க வேண்டும் என்று நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அந்த வாசகத்தை எழுத உதவி வேண்டுமென்றால் மேலாண்மைக் குழு வரைவு தயாரித்துத் தரும்.

கடைசியாக, உங்களில் பொறுப்பான ஒருவர் பள்ளிக்கு நேரில் வந்து, ஏன் இப்படி நடந்தது என்பதை வரைந்த மாணவிகளிடமே சொல்ல வேண்டும். என்னிடமோ தலைமை ஆசிரியரிடமோ சொன்னால் போதாது. அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதி முடித்ததும் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள், சிலர் நேரே பெங்களூர் பேருந்தில் ஏறுவார்கள். எனவே செய்முறைத் தேர்வுகள் தொடங்கும் முன் ஒரு நாளைக் குறித்து, பள்ளிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.